வளைகிற பிள்ளைக்குக் கைதட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தாலே என் மகளுக்குத் தோள்மூட்டு நழுவிவிடும், போர்வையை இழுக்கும்போதுகூட நழுவியிருக்கிறது. சொன்னால் 'சத்து இல்லை, முட்டை கொடுங்க' என்பார்கள், இல்லையென்றால் புத்தூர் கட்டு. பள்ளியிலோ உடம்பு ரப்பர் மாதிரி வளைகிறதென்று ஆண்டு விழா யோகாவில் முன்வரிசையில் நிறுத்திக் கைதட்டினார்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகின்றனவா என்று பார்க்க பெய்ட்டன் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, செலவே கிடையாது. சுண்டுவிரல் பின்னால் 90 டிகிரிக்கு மேல் போகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் பின்பக்கம் வளைகிறதா, காலை மடக்காமல் குனிந்தால் உள்ளங்கை தரையில் பதிகிறதா என்று பார்ப்பார்கள். கை கால்களை இடது, வலது எனத் தனித்தனியாக எண்ணினால் மொத்தம் 9 புள்ளி. வலியே இல்லாமல் வளைகிறவர்களும் நிறையப் பேர், அது நோயில்லை. ஆனால் மூட்டும் நழுவுகிறதென்றால் எலர்ஸ் டான்லோஸ் போன்ற, மூட்டுகளைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசுவின் கோளாறா என்று பார்க்கத்தான் வேண்டும். அதில் மூட்டுகள் அதிகம் வளைகிற 'ஹைப்பர்மொபைல்' வகைக்கு இன்னும் மரபணுப் பரிசோதனை கிடையாது, 2017-ல் வகுத்த விதிகளை வைத்து டாக்டர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எக்ஸ்ரே நார்மல் என்று அனுப்பிவிட்டால் எப்படி?

தோளைச் சுற்றிய தசைகளுக்கு பிசியோதெரபியில் மெதுவாக வலுவேற்றியபின் அவளுக்கு நழுவுவது குறைந்திருக்கிறது. பள்ளி மருத்துவ முகாமில் கண், பல் பார்க்கும்போது மூட்டு வளைவதையும் பார்க்கட்டும். அப்புறம், நழுவிய தோளை யாரும் வீட்டில் இழுத்துவிடாதீர்கள், நரம்பும் ரத்தக்குழாயும் அதை ஒட்டித்தான் போகின்றன.

- ஒரு தாய், திருச்சி