ஞாபக சக்தி சோதனை: தப்பான டிக்குக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஞாபக சக்தி சோதனை ஒன்று போட்டிருந்தீர்கள். 20 சொற்களைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பி, அங்கே கலந்திருக்கும் 40 சொற்களில் முன்பு பார்த்ததை டிக் செய்ய வேண்டும், 12-க்குக் கீழே வந்தால் 'கவனம் தேவை'. தப்பான டிக்குக்கு எதையும் கழிக்கவில்லை. அப்படியானால் நாற்பதையும் டிக் செய்கிறவருக்கு முழு மதிப்பெண்! எங்கள் தெருவில் ஒரு பெரியவர் 11 வாங்கிவிட்டு மறதி நோயோ என்று பயந்து போயிருக்கிறார். அவர் தாளை வாங்கிப் பார்த்தேன், ஒரு டிக் கூடத் தப்பில்லை.

ஆய்வுக்கூடங்களில் புதுச் சொற்களைக் கலப்பதே இதற்காகத்தான். பார்த்ததற்கு எத்தனை 'ஆம்', பார்க்காததற்கு எத்தனை 'ஆம்' என்று இரண்டையும் வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். தாராளமாக 'ஆம்' சொல்வது ஒருவருடைய சுபாவம், அதை நினைவாற்றலோடு சேர்க்கக் கூடாது.

இன்னொன்று. அமெரிக்காவில் ரோடிகர், மெக்டெர்மாட் இருவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டில், ஓய்வு, களைப்பு, கனவு, போர்வை, குறட்டை, கொட்டாவி என்கிற மாதிரி ஒரே விஷயத்தைச் சுற்றி வரும் ஆங்கிலச் சொற்களைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். 'தூக்கம்' மட்டும் பட்டியலில் கிடையாது. ஆனாலும் பிறகு கேட்டபோது, நிஜமாகவே கொடுத்த சொற்களுக்குச் சொன்ன அளவுக்கே அதற்கும் 'ஆம்' சொன்னார்கள், பலர் அந்தச் சொல் வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றே சொன்னார்கள். நல்ல ஞாபகம் உள்ள இளவயதுக்காரர்களுக்கே இப்படி நடக்கிறது என்றால், தப்பாக டிக் போட்ட நம் வாசகர்களும் பயப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், நீங்கள் கொடுத்த சொற்கள் வீடு, மரம், பால், பள்ளி. தினமும் புழங்குகிற சொல் எப்போதுமே பார்த்த மாதிரிதான் இருக்கும், அதனால் அதை இந்தப் பட்டியலில் பார்த்தோமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அரிதாகப் புழங்கும் சொற்களைத்தான் மக்கள் சரியாக அடையாளம் காண்கிறார்கள், தப்பான 'ஆம்'மும் அவற்றுக்குக் குறைவு. இதுவும் பல முறை சோதித்துப் பார்த்த விஷயம்.

வரும் ஞாயிறு, தப்பான டிக்குகளைக் கழித்து மதிப்பெண் போடும் முறையை வெளியிடுங்கள். அந்த 12 என்ற எல்லைக்கோட்டைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 20 சொற்களை வைத்து யாருக்கும் மறதி நோய் என்று சொல்ல முடியாது, அதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, திருச்சி