தந்தி யாருக்காக வந்தது?

அன்புள்ள மகள் மலர்விழிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த தாத்தாவிடமே விவரம் கேட்டுப் பள்ளிக் கட்டுரை எழுதப் போவதாகப் பேரன் சொன்னானாமே. நீ படித்துச் சொல்வதற்காக எழுதுகிறேன்.

நம் நாட்டுக்குத் தந்தியைக் கொண்டுவந்த ஓஷானசி, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த மருத்துவர். 1839-இல் அவர் சோதனைக் கம்பி இழுத்துக் காட்டியும் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு கண்டுகொள்ளவில்லை; டல்ஹவுசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகே அதற்குக் காலம் கனிந்தது. குரங்குகள் ஏறித் தொங்கினாலும் அறாத அளவுக்குத் தடித்த இரும்புக் கம்பிகளை ஓஷானசி பயன்படுத்தினார் என்பதைப் பேரனிடம் சொல், சிரிப்பான். 1855 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது, 16 சொற்களுக்கு 400 மைலுக்கு ஒரு ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். கூலிக்காரன் நினைத்தும் பார்க்க முடியாத தொகை அது.

அதனால் தந்தி முதலில் அரசுக்கும் வணிகருக்கும்தான் உழைத்தது. 1857 மே 11 அன்று டெல்லி தந்தி அலுவலக ஊழியர்கள் சிப்பாய்க் கிளர்ச்சிச் செய்தியை அம்பாலாவுக்குத் தட்டிவிட, அது பஞ்சாப் அதிகாரிகளை எட்டி, 13-ஆம் தேதி காலையிலேயே லாகூரை அடுத்த மியான்மீரில் இந்தியச் சிப்பாய்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. தந்திதான் ஆங்கில ஆட்சியைக் காப்பாற்றியது என்பார்கள். எனக்கு அது மிகையாகவே படுகிறது. டெல்லியை மீட்க அவர்களுக்குச் செப்டம்பர் வரை ஆயிற்றே! ஆனால் எதிராளிக்கு முன்பே சேதி தெரிந்துகொள்வது எத்தனை பெரிய பலம் என்பதை அரசு அன்று கற்றது, பிறகு மறக்கவேயில்லை.

நம் ஊர்களுக்குத் தந்தி வேறு முகத்தோடு வந்தது. சொல்லுக்குச் சொல் காசு என்பதால், சாவும் சாகக்கிடப்பதும் தவிர வேறெதற்கும் ஏழை வீட்டில் தந்தி கொடுக்க மாட்டார்கள். ஆகவே சேவகர் சைக்கிளை நிறுத்தியதுமே, உறையைப் பிரிக்கும் முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். செய்தியை எழுத்தாக அச்சிடும் டெலிபிரிண்டர் பொறியில் வரும் தாள் நாடாவைத் துண்டாக்கித் தாளில் ஒட்டும்போது, அந்தச் செய்தியை முதலில் படிப்பவன் நான். "தாய் கவலைக்கிடம், உடனே புறப்படு" என்பவற்றில் பாதி, பட்டாளத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை வாங்கித் தருவதற்கான பொய் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் எது பொய் என்று தெரியாததால், எல்லாவற்றையும் ஒரே அவசரத்தோடு அனுப்பினோம்.

2013 ஜூலையில் சேவையை நிறுத்திவிட்டார்கள். தந்தியில் எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸ் குறிகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். ஐயம் இருந்தால் ஞாயிறன்று அவனையே பேசச் சொல்.

அன்புடன்,
அப்பா