ஷிப்ட் பட்டியலைக் கேட்காத ஆய்வுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் உள்ள மேலாண்மைத் துறைகளில், எம்.பி.ஏ. ப்ராஜெக்ட் முதல் முனைவர் பட்டம் வரை திரும்பத் திரும்ப எடுக்கப்படும் தலைப்பு 'பணி–வாழ்க்கைச் சமநிலை'. சிப்காட் தொழிலாளர்கள், தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரி ஆசிரியைகள் என்று ஆள்தான் மாறும். முடிவுரை அநேகமாக ஒன்றுதான்: பெரும்பாலோர் ஓரளவு மனநிறைவோடு இருக்கிறார்கள், நிர்வாகம் யோகா, தியானப் பயிற்சி நடத்தலாம். இந்த முடிவுகள் சில சமயம் நாளிதழ்ச் செய்தியாகவும் வருகின்றன. இப்படி ஆய்வு செய்பவர்களுக்கும், அதை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும், செய்தியாக்கும் தங்களைப் போன்றோருக்கும் இக்கடிதம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மனநிலையைக் கேட்கின்றன, நேரத்தைக் கேட்பதில்லை. ஷிப்ட் பட்டியலை வாங்கிப் பார்க்காமலேயே ஆய்வேடு முடிந்துவிடுகிறது.

கிரீன்ஹாஸ், பியூட்டல் என்ற ஆய்வாளர்கள் 1985-ல் எழுதிய கட்டுரையை எல்லா ஆய்வேடுகளும் இரண்டாம் அத்தியாயத்தில் மேற்கோள் காட்டும். வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான முரண்பாடு மூன்று வழிகளில் வருகிறது என்றார்கள் அவர்கள்: நேரத்தால், மனஅழுத்தத்தால், நடந்துகொள்ளும் முறையால். முதலில் நிற்பது நேரம். ஆனால் ஆய்வு முறையைச் சொல்லும் மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்ததும் அந்த நேரம் காணாமல் போய், 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரையிலான ஐந்து கட்டங்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

கடலூர் சிப்காட்டில் மூன்று ஷிப்ட் ஓடும் ஒரு இரசாயன ஆலையை எடுத்துக்கொள்வோம். ஏ ஷிப்ட் காலை 6 முதல் பகல் 2, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10, சி ஷிப்ட் 10 முதல் காலை 6. எல்லோருக்கும் 8 மணி நேரம்தான், எனவே 'வேலை நேரம்: 8 மணி' என்று ஆய்வாளர் ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். உண்மையில் பார்க்க வேண்டியது ஷிப்ட் எந்தத் திசையில் சுழல்கிறது என்பதை. ஏ, பி, சி என்று முன்னோக்கிச் சுழன்றால் உடல் எளிதில் பழகும். ஏனென்றால் நம் உடலின் உள்கடிகாரம் 24 மணியைவிடச் சற்றே நீளமாக ஓடுவது. தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னுக்கு இழுப்பது கடினம். சி, பி, ஏ என்று பின்னோக்கிச் சுழன்றால், வார விடுமுறை ரத்தாகும் வாரத்தில், இரவு 10 மணிக்கு பி ஷிப்ட் முடித்தவர் மறுநாள் காலை 6 மணிக்கு ஏ ஷிப்டில் நிற்க வேண்டியிருக்கும். நடுவில் 8 மணி நேரம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து சிப்காட் இருக்கும் குடிகாட்டுக்கு கம்பெனி பஸ்ஸில் வருபவருக்கு, போகவர ஆகும் நேரமும் குளியலும் சாப்பாடும் போனால் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதி, ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. நம் ஆய்வுகளில் 'இரு ஷிப்டுகளுக்கு இடையே எத்தனை மணி நேரம்?' என்ற ஒரு கேள்விகூட இருப்பதில்லை.

வார விடுமுறையும் அப்படித்தான். பல பத்தாண்டுகள் நம் ஆலைகளுக்குப் பொருந்திவந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் வேலை பார்ப்பவருக்கு விடுமுறை என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்று வரையறுத்தது. ஞாயிறு காலை 6 மணிக்கு வெளியே வருபவருக்கு திங்கள் காலை 6 மணி வரை விடுமுறை. அதில் பகல் முழுவதும் தூக்கத்திலேயே போகும். திங்கள் ஏ ஷிப்ட் என்றால் ஞாயிறு இரவும் சீக்கிரம் படுத்தாக வேண்டும். பிள்ளைகளோடு இருக்கக் கிடைப்பது சாயங்காலம் சில மணி நேரம். 'வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டா?' என்று கேட்டால் அவரும் 'உண்டு' என்றுதான் டிக் அடிப்பார்.

எனவே கேள்வித்தாளோடு சேர்த்து நேரக் குறிப்பேடு ஒன்று அவசியம். முறை புதிதல்ல. மத்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, முதல் நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை, அரை மணி நேரத் துண்டுகளாக, என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பதிந்தது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது அந்தக் கணக்கெடுப்பில்தான். 'வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்கிறோம்' என்று ஐந்து கட்ட அளவுகோலில் 4 போடும் ஆணிடமிருந்து இந்த வித்தியாசம் ஒருநாளும் வெளிவராது.

ஆய்வு மாணவர் அதே 48 கட்டங்களை ஒரு தாளில் அச்சடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று பத்திகள்: முக்கிய வேலை, கூடவே செய்த வேலை, எங்கே இருந்தார். இரண்டாவது பத்தியை விட்டுவிட்டால் சமைத்துக்கொண்டே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது கணக்கில் வராது. பெண்களின் சுமை பாதி மறைந்துபோகும் இடம் அது. ஒரு நாள் போதாது. பகல் வேலைக்காரருக்கு ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள். மூன்று ஷிப்ட்காரருக்கு ஷிப்டுக்கு ஒன்றும் விடுமுறைக்கு ஒன்றுமாக நான்கு. தாளைக் கொடுத்து 'பூர்த்தி செய்து தாருங்கள்' என்றால் கடைசி நாளில் எல்லாக் கட்டங்களும் ஒரே பேனாவில் நிரம்பி வரும். மறுநாளே எதிரே உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். வேலைதான். ஆனால் 100 பேரிடம் இப்படி எடுத்த குறிப்பு, வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி வந்த 400 கூகுள் படிவங்களைவிட அதிகம் சொல்லும்.

யாரிடம் கேட்கிறோம் என்பது அடுத்த சிக்கல். பெயர்ப் பட்டியல் மனிதவளத் துறையிலிருந்து வருகிறது. அதில் நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும்தான் இருப்பார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் பெயர் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் கிடக்கும். அடுத்த ஷிப்டுக்கு மாற்ற வேண்டிய ஆள் (ரிலீவர்) வராத நாளில் இரண்டாவது ஷிப்டும் சேர்த்துப் பார்ப்பவர், வாரக் கடைசியில் 'நாளைக்கு வா' என்று போன் வந்தால் ஓடுபவர் பெரும்பாலும் அவர்தான். அவரை விட்டுவிட்டு எடுக்கும் சராசரி பாதி ஆலையின் சராசரி. இன்னொரு கூட்டம் எந்தப் பட்டியலிலும் இருக்காது: சமாளிக்க முடியாமல் வேலையை விட்டவர்கள். குழந்தை பிறந்தபின் திரும்பி வராத செவிலியரை மருத்துவமனை வார்டில் தேடினால் கிடைக்கமாட்டார். வேலையில் நிற்பவர்களை மட்டும் கேட்டுவிட்டு 'சமநிலை நன்றாக உள்ளது' என்பது, தாக்குப்பிடித்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு. கடந்த மூன்று ஆண்டுகளின் ராஜினாமாப் பதிவேட்டை, பெயர்களை மறைத்தாவது, வாங்கிப் பார்க்க வேண்டும். எத்தனை பேர், எந்த வயதில், மகப்பேறு விடுப்பு முடிந்து எத்தனை மாதத்தில் போனார்கள் என்ற மூன்று விவரம் போதும்.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்பதற்கு ஆய்வேடுகள் காட்டும் 384 என்ற எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிரெஜ்சியும் மார்கனும் 1970-ல் வெளியிட்ட அட்டவணையில் 10 லட்சம் பேர் கொண்ட தொகைக்கு மாதிரி 384. 500 பேருக்கு 217. அந்த அட்டவணை, ஒவ்வொருவருக்கும் தேர்வாகச் சம வாய்ப்புள்ள குலுக்கல் முறைக்குப் போட்டது. தெரிந்த நண்பர் மூலம் நான்கு கம்பெனிகளில் கிடைத்தவர்களிடம் வாங்கிய 384 தாளுக்கு அது பொருந்தாது. ஒரே ஆலையில் வேலை செய்பவர்கள் ஒரே மேலாளர், ஒரே ஷிப்ட், ஒரே பஸ் என்பதால் பதில்களிலும் ஒத்துப்போவார்கள். ஆலைக்கு 40 பேர் வீதம் எடுத்து, அந்த ஒற்றுமையின் அளவு (0 முதல் 1 வரை) 0.05 மட்டுமே என்று வைத்தாலும், மாதிரியின் பலன் குறையும் மடங்கு 1 + (39 × 0.05) = 2.95. 384-ஐ அதால் வகுத்தால் கையில் இருப்பது 130 பேருக்குச் சமமான தகவல்தான். ஆலைக்குப் பத்துப் பேராக நிறைய ஆலைகளில் எடுப்பது, நான்கு ஆலையில் நூறு நூறு பேர் எடுப்பதைவிட மேல்.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் நடப்பது வேறு கதை. வயது, பாலினம், கல்வி, சம்பளம் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அம்சத்தோடும் கோத்து இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை 30 போட்டால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் 5 சதவீத எல்லையில் ஒன்றிரண்டு 'குறிப்பிடத்தக்கது' என்று வந்து நிற்கும். அந்த ஒன்றிரண்டுதான் பிறகு முடிவுரையில் தலைப்பாகிறது. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.96 வந்துவிட்டது என்று மகிழ்வதும் தேவையில்லை. ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் வரும். பணிச்சுமை, சமநிலை, வேலைத் திருப்தி மூன்றையும் ஒரே ஆளிடம் ஒரே உட்காரலில் ஒரே தாளில் கேட்டால், அன்றைய மனநிலையே மூன்றையும் சேர்த்துக் கட்டிவிடும். பாட்சகாஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2003-லேயே இதை விரிவாக எச்சரித்திருக்கிறார்கள். காரணத்தை ஆளிடம் கேளுங்கள். விளைவைப் பதிவேட்டில் பாருங்கள்: ஓ.டி. மணி நேரம், முன்னறிவிப்பில்லாத விடுப்பு, தாமத வருகை. எல்லாம் வருகையைப் பதியும் டைம் ஆபீஸில் கிடக்கிறது.

ப்ராஜெக்ட் காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை என்பதால் தரவும் அப்போதுதான் சேர்கிறது. நம் கரையில் குடும்பங்கள் திண்டாடுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2011 டிசம்பர் 30-ல் வந்த 'தானே' புயலானாலும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சலானாலும், பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். ஆலைக்கும் மருத்துவமனைக்கும் கிடையாது. அதிலும் கடலூர் மாவட்டத்தில் குடியிருந்து கிருமாம்பாக்கம், பாகூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் நிலை தனி. பிள்ளையின் பள்ளிக்கு விடுமுறை விடுவது கடலூர் ஆட்சியர்; வேலையிடம் இருப்பது புதுச்சேரி ஆட்சிக்குள். மழை விடுமுறை இரண்டு பக்கமும் ஒரே நாளில் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. புதுச்சேரியில் ஆகஸ்ட் 16, நவம்பர் 1 விடுமுறை, தமிழ்நாட்டில் பள்ளி உண்டு. எந்த நாட்டு அளவுகோலிலும் இந்தக் கேள்வி இருக்காது. இங்குள்ள ஆய்வாளர்தான் எழுத வேண்டும். 'கடந்த மழைக்காலத்தில் பள்ளி விடுமுறை விட்ட நாட்களில் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள், அதற்காக எத்தனை நாள் சம்பளம் இழந்தீர்கள்?' என்று கேட்டுப் பார்க்கட்டும்.

குழந்தைகள் காப்பகம் பற்றிய கேள்வியும் 'உள்ளது / இல்லை' என்பதோடு நின்றுவிடுகிறது. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் காப்பகமும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதியும் வேண்டும் என்றது. ஆய்வாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை: இரவு ஷிப்டில் திறந்திருக்கிறதா, வேலையிடத்திலிருந்து நடக்க எத்தனை நிமிடம், போன அன்று உள்ளே எத்தனை குழந்தைகள். பூட்டிய அறையில் தொட்டில் இருந்தாலும் வருடாந்திர அறிக்கையில் 'உள்ளது' என்றே வரும்.

1936 ஜூலை 30 அன்று, 8 மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் இதே புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. அத்தகைய விவாதம் வரும்போது மேசையில் வைக்க வேண்டியது, 12 மணி நேர ஷிப்டில் பயணமும் தூக்கமும் போக வீட்டுக்கு எத்தனை நிமிடம் மிஞ்சும் என்ற உள்ளூர்க் கணக்கு. 'சராசரித் திருப்தி 3.62' என்பதை வைத்துக்கொண்டு யாரும் வாதாட முடியாது.

வழிகாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி ஆய்வு ஆலோசனைக் குழு ஒவ்வொரு பருவமும் மாணவரின் முன்னேற்றத்தைப் பார்க்கிறது. தரவு சேர்க்கப் புறப்படும் முன் நடக்கும் கூட்டத்திலேயே ஷிப்ட் பட்டியலின் நகலையும், காண்ட்ராக்ட் தொழிலாளர் எப்படிச் சேர்க்கப்படுவர் என்ற குறிப்பையும் கேளுங்கள். பூர்த்தியான தாள்கள் மனிதவள அதிகாரியின் கைக்குப் போகக் கூடாது. அவர் அறையில் உட்கார வைத்து வாங்கவும் கூடாது. 15 பேர் உள்ள ஒரு பிரிவில் வயது, பாலினம், குழந்தைகளின் எண்ணிக்கை மூன்றையும் போட்டால், பெயர் எழுதாவிட்டாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே இப்படிப் பிரித்ததில் 10 பேருக்குக் குறைவாக வரும் கட்டங்களைத் தனித்துக் காட்டாதீர்கள்.

தங்கள் நாளிதழிடமும் கேட்கிறோம். 'இத்தனை சதவீதம் பேர் மனநிறைவு' என்று ஓர் ஆய்வு முடிவு வந்தால், அச்சேற்றும் முன் எத்தனை பேரிடம் தாள் கொடுத்து எத்தனை திரும்பியது, ஆட்கள் எப்படித் தேர்வானார்கள், காண்ட்ராக்ட் தொழிலாளர் உண்டா, எந்த மாதத்தில் கேட்டது என்று விசாரித்து, அந்த விவரத்தையும் செய்தியோடு சேர்த்துப் போடுங்கள். ஆய்வு முடிந்ததும் அதன் முடிவுகள் தமிழில் ஒரே பக்கத்தில், பதில் சொன்ன தொழிலாளர்கள் படிக்கும்படி டைம் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டதா என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
மனிதவள மேலாண்மை ஆசிரியர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.