கீழ்த்தாடை குருத்தெலும்பிலிருந்து உருவாவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த கருவளர்ச்சிக் கட்டுரை தெளிவான நடையில் அமைந்திருந்தது. ஆயினும், கை கால் எலும்புகளைப் போலவே கீழ்த்தாடையும் முதலில் குருத்தெலும்பாகத் தோன்றிப் பின்னர் எலும்பாக மாறுகிறது என்று அதில் கூறியிருப்பது பிழையாகும். மருத்துவ மாணவர்களும் தேர்வுத்தாளில் எழுதிவிடும் பிழை இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கருவின் 4ஆம் வாரத்தில், பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக் குழலின் முதுகுப்புற விளிம்பிலிருந்து பிரியும் நரம்பு முகட்டுச் செல்கள் இடம்பெயர்ந்து தாடைகள் உருவாகும் கருப்பகுதியான முதல் தொண்டை வளைவை வந்தடைகின்றன. அவற்றில் ஒரு பகுதி, ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் யோகான் பிரீட்ரிக் மெக்கலின் பெயரால் வழங்கும் குருத்தெலும்புத் தண்டாக 6ஆம் வாரத்தில் உருப்பெறுகிறது. தாடை எலும்போ அத்தண்டுக்குள் உண்டாவதில்லை. தண்டின் வெளிப்புறத்தில், கீழ்த்தாடை நரம்பு கிளைபிரியும் இடத்தருகே திரளும் செல்கள், குருத்தெலும்பு நிலைக்குப் போகாமல் நேரடியாகவே எலும்பாக்கும் செல்களாகின்றன. காறை எலும்புக்கு அடுத்தபடியாக உடலில் எலும்பாகத் தொடங்குவது இதுவே. தண்டின் நடுப்பகுதி கரைந்துபோக, அதன் உறை எலும்புகளைப் பிணைக்கும் நாராக எஞ்சுகிறது. பின்முனை நடுச்செவியின் சுத்தி, பட்டடை எலும்புகளாகிறது. முகவாய்க்கருகே ஒரு சிறு துண்டு எலும்போடு சேர்வது உண்மைதான். அதைக்கொண்டு முழுத் தாடைக்கும் விதி வகுக்க இயலாது. பல்லி, பாம்பு போன்றவற்றில் தாடை மூட்டாக அமைந்த இரு எலும்புகளுக்கு ஈடானவையே நமது இவ்விரு செவி எலும்புகள் என்று ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் கார்ல் ரைஹர்ட் 1837இல் விளக்கியிருந்தும், கட்டுரையாளர் அதைத் தொடாமல் சென்றது வியப்பளிக்கிறது.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஏறத்தாழ 10ஆம் வாரத்தில் தாடையின் மூட்டு முனையில் வேறொரு குருத்தெலும்பு தோன்றி, 20 வயதை ஒட்டிய காலம் வரை நீடிக்கிறது. இது மெக்கல் தண்டின் தொடர்ச்சி அன்று. எலும்பாக்கத்துக்கு இன்றியமையாத ரன்எக்ஸ்2 மரபணு நீக்கப்பட்ட எலிகளில், உருக்குலைந்த நிலையிலேனும் மெக்கல் தண்டு உருவாகிறது. மூட்டு முனைக் குருத்தெலும்போ தோன்றுவதே இல்லை. கை கால் எலும்புகள் நீள்வதற்குக் காரணமான, அவற்றின் முனையருகே உள்ள வளர்தட்டில் குருத்தெலும்புச் செல்களே பிரிந்து வரிசையாக அடுக்கப்பெறுகின்றன. தாடையின் மூட்டு முனையிலோ மேலுறைக்குக் கீழுள்ள முதிராச் செல்கள் பிரிந்து, மெல்லும்போது உண்டாகும் அழுத்தத்துக்கு ஏற்பத் தம் வளர்ச்சியை மாற்றிக்கொள்கின்றன. முதிர்ந்த குருத்தெலும்புச் செல்கள் யாவும் மடிந்து எலும்புக்கு இடம்விடுகின்றன என்ற பழைய கருத்தும் தளர்ந்துவிட்டது: அவற்றில் ஒரு பகுதி மடியாமல் தாமே எலும்பாக்கும் செல்களாக மாறுவதை 2014 முதல் எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

குழந்தைகள் முகவாய் தரையில் மோத விழும்போது தாடையின் இந்த மூட்டு முனை முறிந்தால், தாடை ஒருபுறம் வளர்ச்சி குன்றுவதும், மூட்டு இறுகி வாயைத் திறக்க முடியாமற்போவதும் நேரலாம். முகவாய்க் காயத்துக்குத் தையல் போட்டதோடு நிறுத்தாமல், வாய் முழுமையாகத் திறக்கிறதா என்றும் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது அவசியம்.

கட்டுரையுடன் வெளியான படத்திலும் மெக்கல் குருத்தெலும்பு தாடையின் வெளிப்பக்கத்தில் வரையப்பட்டுள்ளது. அது நாக்கை நோக்கிய உட்பக்கத்தில் இருக்க வேண்டும். வரவிருக்கும் இரண்டாம் பகுதியோடு திருத்திய படத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியர்,
மதுரை