ஓடைக்கரை மாதுளைத் தோட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ஓடையின் இருகரையிலும் மாதுளை வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் அனைவருக்கும் வணக்கம்.

நேற்றுக் காலை ஓடையோரமாக நடந்து வந்தேன். நம் வரப்புகளில் ஆறேழு இடங்களில் ஓட்டை விழுந்த காய்கள் குவிந்து கிடந்தன. ஒன்றைப் பிளந்தேன், முத்துகளுக்கு நடுவே புழு உயிரோடு நெளிந்தது. அடுத்த காயில் கூட்டுப்புழு. இன்னும் சில நாளில் அது பட்டாம்பூச்சியாகிப் பறக்கும். உங்கள் பிஞ்சிலும் முட்டை வைக்கும், என் பிஞ்சிலும் வைக்கும்.

நான் ரசாயன மருந்தை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டில் பாதிக் காய்க்கு மேல் துளை. வேப்பெண்ணெய் அடித்தும் நிற்கவில்லையே என்று அழுதிருக்கிறேன். காய்த்துளைப்பான் என்னும் இந்தப் பூச்சியின் வழி பிறகுதான் புரிந்தது. தாய்ப்பூச்சி பூவின் புல்லியிலும் இளம்பிஞ்சிலும் ஒவ்வொரு முட்டையாக வைக்கிறது. பொரிந்த புழு தோலைத் துளைத்து உள்ளே போய், தன் பின்பக்கத்தாலேயே துளையை அடைத்துக்கொண்டு முத்தைத் தின்கிறது. அதன் பிறகு வெளியே தெளிக்கும் எதுவும் அதை எட்டுவது அரிது.

ஆகவே வேலை எல்லாம் அதற்கு முன்பே. காய் பிடித்ததும் நுனியில் கிரீடம் போல் நிற்கும் புல்லியை நறுக்கிவிடுகிறேன். எலுமிச்சை அளவானதும் பட்டர் பேப்பர் பை கட்டுகிறேன். கட்டும் முன் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று காயைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் புழுவுக்கு நாமே காவல் வைத்ததாகிவிடும். பூக்கும் பருவத்தில் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு: 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பேன். வெயிலில் வேம்பின் வீரியம் குறைந்துவிடும்; தேனீக்களும் அதற்குள் கூடு திரும்பியிருக்கும். டிரைக்கோகிரம்மா என்னும் ஒட்டுண்ணிக் குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய காகித அட்டையையும் மரத்தில் கட்டுகிறேன். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தக் குளவி, பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழிக்கிறது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து கடும் மருந்து காற்றில் வந்தால் அதுவும் செத்துப்போகிறது.

பை கட்ட ஆள்கூலி அதிகம். எல்லாரும் கட்டுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஓட்டைக் காயை எடுப்பதற்கு வாரம் ஒரு காலைப்பொழுது போதும், அதை மட்டும் கேட்கிறேன். கீழே விழுந்ததைப் பொறுக்கினால் பாதி வேலைதான் முடியும். புழு சில நேரம் காம்பைக் கிளையோடு நூலால் பிணைத்துவிடுவதால் கெட்ட காய் மரத்திலேயே தொங்கும். துளையருகே எச்சம் வடிந்திருந்தால் பறித்துவிடுங்கள். கொய்யா, நெல்லி, புளி வைத்திருப்பவர்களும் சேர வேண்டும். இதே பூச்சி அந்தக் காய்களிலும் வளர்கிறது. என் தோட்டத்தில் மூன்று ஆண்டுகளாகத் துளை அதிகம் விழுவது வரப்பை ஒட்டிய இரண்டு வரிசைகளில்தான். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நானும் பல ஆண்டுகள் வரப்பில் கொட்டியவன்தான்.

வேலியருகே என் நிலத்தில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிவைத்திருக்கிறேன். எல்லாரும் அதில் கொட்டலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூடையோடு வாருங்கள். மண்வெட்டியோடு அங்கே நிற்பேன்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரன்