பூச்சாண்டியும் டார்ச் லைட்டும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

லைட்டை அணைத்தாலே குட்டி அழுகிறாள், ராத்திரி முழுக்க டியூப்லைட் எரிகிறது என்று போனில் சொன்னாயே, அப்போது நான் வாயே திறக்கவில்லை. உனக்கு அந்தப் பயத்தை ஊட்டியதே நான்தான், ஒரு வாய் ரசஞ்சாதம் இறங்குவதற்காக அல்சூர் வீட்டு மாடிப்படி இருட்டைக் காட்டி 'அதோ பூச்சாண்டி' என்பேன். நீயும் அதையே செய்யாதே.

கடையில் விற்கிற விளையாட்டுப் பெட்டி எதுவும் வேண்டாம், காசுக்குப் பிடித்த கேடு. ஒரு டார்ச் போதும், அதையும் அவள் கையிலேயே கொடு. சுவரில் கையால் நாய், மான், கொக்கு செய்யட்டும். கையை டார்ச்சுக்குக் கிட்டே கொண்டுபோனால் நாய் யானை அளவுக்கு வளரும், சுவர்ப்பக்கம் நகர்த்தினால் சுருங்கும். நிழலைப் பெரிசாக்குவதே தான்தான் என்று தெரிந்த பிள்ளை அப்புறம் பீரோ நிழலுக்கு எதற்கு அழப்போகிறது?

அப்பா உனக்குச் செய்து காட்டியது ஞாபகம் இருக்கிறதா? மே மாத லீவில் ஜன்னல் முழுக்கக் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டி, கதவிடுக்கில் பழைய வேட்டியைத் திணித்து, நடுவில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரே ஓட்டை. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது, அப்புறம் பார்த்தால் எதிர்ச்சுவரில் தெருவே தலைகீழாக நிற்கிறது, ஆட்டோ சக்கரத்தை மேலே தூக்கிக்கொண்டு ஓடுகிறது. ஒளி நேராகத்தான் போகும், அதனால் மரத்தின் உச்சியிலிருந்து வருவது ஓட்டை வழியாகச் சுவரில் கீழே விழும், அடியிலிருந்து வருவது மேலே போகும், அவ்வளவுதான். பூச்சாண்டிக்குப் பயந்த நீ அன்றைக்கு 'லைட் போடாதீங்க' என்று கத்தினாய். உங்கள் டெல்லி வெயிலுக்கு இது இன்னும் நன்றாக வரும்.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று இதே வித்தைக்காக மொட்டைமாடியில் ஜல்லிக்கரண்டியைப் பிடித்தேன், தரையில் ஓட்டைக்கு ஒரு பிறை விழுந்தது. பக்கத்து வீட்டு மாமி கிரகணத்தில் வெளியே வரலாமா என்று திட்டியது வேறு கதை. சூரியனை மட்டும் குட்டியை நேராகப் பார்க்க விடாதே.

ராத்திரிக்கு ஒன்று. லைட்டை அணைத்துவிட்டு இருபது நிமிஷம் கதை பேசிக்கொண்டிருங்கள், மெல்ல மெல்ல அறையில் எல்லாம் தெரியும், நிறம் மட்டும் தெரியாது. மூன்று கலர் சாக்ஸைப் போட்டு எது சிவப்பு என்று கேள், மாப்பிள்ளையும் தோற்பார்.

அங்கே உச்சி வெயிலில் எத்தனை நாள் நின்றாலும் நிழல் முழுசாக மறையாது, டெல்லி கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது, சூரியன் அங்கே தலைக்கு நேர் மேலே வருவதே இல்லை. இங்கே பெங்களூரில் ஏப்ரல் 24 வாக்கில், பகல் 12.17 போல, பவுடர் டப்பாவை நிமிர்த்தி வைத்தால் நிழலே இருக்காது. ஆகஸ்ட் 18 வாக்கிலும் உண்டு, ஆனால் அந்த மாத மேகத்தை நம்ப முடியாது. ஏப்ரலுக்கே டிக்கெட் போடு, மாடியைப் பெருக்கி வைக்கிறேன்.

அம்மா