எல்.ஓ.எல். என்று உங்கள் பிள்ளை எழுதினால்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் இரங்கல் செய்திக்குக் கீழே 'எல்.ஓ.எல்.' என்று போடுகிறவர்கள் உண்டு. 'லாட்ஸ் ஆஃப் லவ்', அதாவது நிறைய அன்பு, என்ற நினைப்பில் போடுகிறார்கள். துக்க வீட்டில் அதைப் படிப்பவருக்கோ அது 'லாஃபிங் அவுட் லவுட்': வாய்விட்டுச் சிரிக்கிறேன். பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரூனும் அன்பு என்று நினைத்தே தம் குறுஞ்செய்திகளில் இதை எழுதிவந்தார் என்று, 2012 மே மாதம், பிரிட்டன் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவசன் விசாரணையில், முன்னாள் பத்திரிகை ஆசிரியர் ரெபெக்கா புரூக்ஸ் சாட்சியம் சொன்னார். ஆகவே தெரியாமல் போட்டுவிட்டவர்கள் கூச வேண்டியதில்லை. இனி இரங்கலை முழுச் சொல்லாக எழுதுங்கள், போதும்.

இந்தச் சொல் 1980களில், தொலைபேசி இணைப்பு வழியாகக் கணினிகள் பேசிக்கொண்ட தகவல் பலகைகளில் புழங்கத் தொடங்கியது. எதிரில் இருப்பவரின் முகமும் குரலும் கிடையாது. சிரித்தால் சிரித்தேன் என்று தட்டச்சு செய்துதான் தெரிவிக்க வேண்டும். கனடாவின் கால்கரியைச் சேர்ந்த வேய்ன் பியர்சன், தாமே இதை முதலில் எழுதியதாகச் சொல்கிறார். 1989 மே மாதம், அத்தகைய தகவல் பலகைகளை இணைத்த ஃபிடோநெட் வலையமைப்பின் செய்தி இதழில் வந்த சுருக்கப் பட்டியலில் இது அச்சாகியிருக்கிறது. 2011 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதைச் சேர்த்தது. அதே மூன்று எழுத்துகள் 1960இலேயே 'லிட்டில் ஓல்டு லேடி' என்ற வேறு பொருளில் இருந்ததையும் அந்த அகராதி பதிவு செய்திருக்கிறது.

பிள்ளைகளின் இன்றைய புழக்கத்தைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஹோம்வொர்க் முடிக்கல எல்.ஓ.எல்.' என்று உங்கள் மகள் எழுதினால், அவள் வீட்டுப்பாடத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாம் 'முடிக்கல' என்பதை 'முடிக்கலப்பா' என்று சொல்லும்போது அந்தப் 'பா' என்ன செய்கிறதோ, அதைத்தான் இங்கே எல்.ஓ.எல். செய்கிறது. சொல்லின் முனையை மழுக்குகிறது. கோபமில்லை, நாம் ஒரே பக்கம்தான் என்று காட்டுகிறது. மொழியியலாளர் ஜான் மெக்வோர்ட்டர் 2013இல் இதையே விளக்கினார்: சிரிப்பு என்ற பொருள் தேய்ந்து, பேச்சின் தொனியைக் குறிக்கும் இடைச்சொல்லாக அது மாறிவிட்டது. சிரிப்பாக மட்டும் படித்தால், பொறுப்பில்லாமல் இளிக்கிறாள் என்று தோன்றும். வீட்டில் வீண் சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

சுருக்கி எழுதுவது இந்தத் தலைமுறையின் சோம்பல் என்று சில பெற்றோர் வருந்துகிறார்கள். பழைய பத்திரங்களைப் பாருங்கள்: 'மேற்படி' என்பதற்கு ௸ என்ற ஒற்றைக் குறிதான். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு என்பதால் நம் தாத்தாக்களும் சுருக்கியே எழுதினார்கள். குறுஞ்செய்தியிலும் அதே கணக்குதான். ஒரு செய்திக்குக் கிடைக்கும் இடம் 140 பைட், அதாவது 1120 பிட் (பிட் என்பது கணினித் தகவலின் மிகச் சிறிய அளவு). ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட், ஆகவே 160 எழுத்து எழுதலாம். தமிழுக்கு 16 பிட், ஆகவே 70தான். அதிலும் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'சென்னை' மூன்று எழுத்தல்ல, ஆறு இடம். நம் பிள்ளைகள் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதப் பழகியதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். வாட்ஸ்அப்பில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. வீட்டுக் குழுவிலாவது அவர்களைத் தமிழ் கீபோர்டில் எழுதச் சொல்லுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

விடைத்தாளில் மட்டும் இந்தச் சுருக்கங்களுக்கு இடமில்லை. நண்பனுக்கு எழுதும் கடிதக் கேள்வியிலும் முழுச் சொல்லே வேண்டும்.

நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டிய சுருக்கங்கள் இரண்டு. முதலாவது ஏ.எஸ்.எல். பழைய அரட்டை அறைகளில் இது வயது, பாலினம், ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கும் கேள்வி. விளையாட்டுச் செயலியிலோ இன்ஸ்டாகிராமிலோ முன்பின் தெரியாதவர் இதைத் தனியாகக் கேட்டால், பிள்ளை பதில் சொல்லக் கூடாது. ஆனால் 'டயர்டு ஏ.எஸ்.எல்.' என்று வாக்கியக் கடைசியில் வந்தால் அது வெறும் 'செம டயர்டு'தான். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இரண்டாவது கே.ஒய்.எஸ். உயிரை மாய்த்துக்கொள் என்று ஒருவரைப் பார்த்துச் சொல்வது அது. விளையாட்டில் தோற்ற கடுப்பில் பிள்ளைகள் சாதாரணமாக வீசுகிறார்கள். வாங்கிக்கொள்கிற பிள்ளைக்கு அது சாதாரணமல்ல. உங்கள் பிள்ளை எழுதியிருந்தாலும், உங்கள் பிள்ளைக்கு வந்திருந்தாலும், அன்றே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

மிரட்டலோ தொல்லையோ வந்தால் பதறி அழித்துவிடாதீர்கள். முதலில் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு ரிப்போர்ட், பிறகு பிளாக். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்யும்போது அரட்டையை நீக்குவதற்கான தேர்வும் வரும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் போனில் இருக்கும் ஆதாரம் போய்விடும். குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றத்துக்கு 1930, மனம் சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு 14416.

புரியாத சுருக்கத்தைக் கண்டால் போனைப் பறிக்காமல், 'இதுக்கு என்ன அர்த்தம்பா?' என்று பிள்ளையிடமே கேளுங்கள். பறித்தால் அடுத்த முறை அந்த அரட்டை உங்கள் கண்ணில் படாது. பதில் சொல்லத் தயங்கினால் இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். அப்போதும் சொல்லாவிட்டால், பள்ளி முடிந்ததும் மாலை 4 மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
சென்னை